ஒரு நாத்தச் சொல்லின் வம்சம்

வேண்டாம் மேடம், கண்ணாடிய எறக்காதீங்க. எறக்குனா பின்னாடி கெடக்குறதோட நாத்தம் காத்துல ஒரு சுத்து சுத்திட்டு நேரா நம்ம மூஞ்சிக்குத்தான் வரும். ஏத்தியே வச்சிருங்க. பத்து நிமிசத்துல மூக்கு செத்துப்போயிடும், அப்புறம் ஒண்ணும் தெரியாது. அய்ய, அந்தத் தைலத்த உள்ள வைங்க. சினிமாவுல போலீஸ்காரன் தடவிக்கிறான்னு எல்லாரும் தடவுறாங்க. தைலம் மூக்கத் தொறந்து விடும். தொறந்த மூக்குல என்ன போகும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

ஆமா, இந்த வேகத்துலதான் போக முடியும். ரோட்டோரத்துல ஆரஞ்சுப் பெயின்ட்ல பெருக்கல் குறி இருக்கான்னு பாத்துக்கிட்டே போகணும். போலீஸ் அடிச்சிட்டுப் போவாங்க. குறி இருந்தா பள்ளத்துல மான் இருக்குன்னு அர்த்தம்.

ஸ்கூல் போர்டு ஆபீசுக்கு வான்னு மூணு லெட்டர் போட்டீங்க, தெரியும். நவம்பர் மாசம் மேடம். விஸ்கான்சின்ல ஆண் மானுக்கெல்லாம் புத்தி கெட்டுப்போற மாசம். பொட்டைய தொரத்திக்கிட்டு லாரின்னும் பாக்காது, பஸ்ஸுன்னும் பாக்காது. நேத்து ஒரே நாள்ல பதினாலு எடுத்தோம். இத விட்டுட்டு உங்க ஆபீஸ்ல வந்து நான் காப்பி குடிச்சிக்கிட்டு உக்காரவா? அதான் வண்டியில ஏறுங்க, போயிக்கிட்டே பேசலாம்னேன். நீங்க ஏறுவீங்கன்னு நெனைக்கல. உண்மையச் சொல்றேன், நீங்க ஏறக்கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன்.

அந்த மெஷின் ஓடுதா? சிவப்பு லைட் எரியுதே. சரி. பேரு மாரென் டூஃபெக். வயசு பதினெட்டு. படிப்ப விட்டு ஆறு வாரம் ஆச்சு. அம்மா பேரு ஜோலீன் டூஃபெக். இந்தக் கவுன்ட்டி ரோட்டுல செத்துக் கெடக்குற மிருகத்தையெல்லாம் எடுக்குற கான்ட்ராக்ட் அம்மாவுது. நான் அதுகிட்ட வேலை பாக்குறேன். அப்பா கெடையாது. போதுமா?

கேள்வியத் திரும்பப் படிக்க வேண்டாம், மனப்பாடமாத் தெரியும். சொல் விழா அன்னிக்கு மேடையில நான் கடைசியா சொன்ன விஷயத்த எங்க இங்கிலீஷ் வாத்தியார் ஹால்வர்சன் சார்தான் எழுதிக் குடுத்து என்னைப் பேச வச்சாரா. அதான? ஆமான்னு நான் சொன்னா அவருக்கு வேலை போச்சு. இல்லைன்னா திங்கக்கிழமை திரும்ப வந்து பலகை முன்னாடி நிப்பாரு. அம்மா குடுத்த புகார் ஒங்க பைக்குள்ள இருக்கு. ரெண்டு பக்கம், கையெழுத்துல. சொல்றேன். அவசரப்படாதீங்க. அந்த ஆளு எப்பேர்ப்பட்ட ஆளுன்னு மொதல்ல தெரிஞ்சுக்குங்க.

நாக்குல விரலத் தொடுவாரு மேடம். தொட்டுத் தொட்டு நம்ம நோட்டப் பொரட்டுவாரு. ஒவ்வொரு தாளோட மூலையிலயும் ஈரமா ஒரு வட்டம் இருக்கும். உவ்வே. நான் மான் கொடல இந்தக் கையால அள்ளிப் போட்டிருக்கேன். புழு நெளியுற கண்ணப் பாத்துக்கிட்டே சான்ட்விச் தின்னிருக்கேன். அதெல்லாம் ஒண்ணும் பண்ணல. அந்த விரலப் பாத்தாத்தான் நோட்டப் புடுங்கிக்கிட்டு ஓடணும்போல இருக்கும்.

அப்புறம் அந்த விழா. எங்க ஸ்கூல்ல மட்டும் நடக்குற கூத்து அது, அவரு ஆரம்பிச்சு வச்சது. வருஷா வருஷம் அக்டோபர்ல கடைசி வகுப்புப் பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அது எந்த வழியா வந்துச்சு, பிரெஞ்சுக்காரன் வாயில என்னவா இருந்துச்சு, அதுக்கு முன்னாடி லத்தீன்ல என்னவா பொறந்துச்சுன்னு தோண்டி எடுத்து, ஒரு குடும்பக் கதை மாதிரி மேடையில நின்னு சொல்லணும். பாட்டன் யாரு, பங்காளி யாரு, எந்தப் பிள்ளை உருப்பட்டுச்சு, எது கெட்டுப்போச்சுன்னு. ஊரே வந்து உக்காரும். ஆளாளுக்கு எதாவது சமைச்சுக் கொண்டாந்து வச்சிருப்பாங்க.

எந்தப் பிள்ளைக்கு எந்த வார்த்தைன்னு நம்மளக் கேக்க மாட்டாரு. அவரே குடுப்பாரு. வீட்டுக்குப் பொருத்தமா குடுப்பாராம். பல் டாக்டர் மகன் பிரெஸ்டனுக்கு டென்டிஸ்ட். லத்தீன்ல டென்ஸ்னா பல்லு, அதுக்கு பிரெஞ்சுக்காரன் ஒரு வால ஒட்டினான், முடிஞ்சுது, ரெண்டு நிமிசக் கதை. பாஸ்டர் பொண்ணுக்கு பாஸ்டர். லத்தீன்ல ஆடு மேய்க்கிறவன். அவ ஒரு பொம்ம ஆட்டக் கக்கத்துல வச்சுக்கிட்டு வந்தா, எல்லாரும் ஆஹான்னாங்க. பால் பண்ணைக்காரர் மகனுக்கு பீஃப்.

எனக்கு ஒரு அட்டை. நாலா மடிச்சது. பிரிச்சா, கேரியன்.

தெரியும்ல? செத்து அழுகிப்போன மிருகச் சதை. கழுகும் காக்காயும் கொத்துறது. எங்க வீட்டுக்குப் பொருத்தமா.

பிரெஸ்டன் என் தோளுக்கு மேல எட்டிப் பாத்துட்டான். அவ்வளவுதான், மத்தியானத்துக்குள்ள எனக்கு அதே பேராயிடுச்சு. ஏய் கேரியன், வண்டியில ஏத்திக்குவியா, இல்ல செத்தாத்தான் ஏத்துவியா. என் லாக்கர் பூரா சென்ட் அடிச்சு வச்சானுங்க. ரோஜாப்பூ சென்ட். அழுகினது மேல ரோஜா அடிச்சா என்ன வாசம் வரும்னு அவனுங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அவருகிட்ட கேட்டேன், கேக்காம இல்ல. வகுப்பு முடிஞ்சதும் நேரா மேசைக்குப் போனேன். ஏன் சார் எனக்கு இதுன்னேன். அந்த ஆளு கண்ணாடியக் கழட்டித் தொடச்சிக்கிட்டே சொன்னாரு, இருக்கிறதுலயே பெரிய குடும்பம் இதுக்குத்தான் மாரென், மூக்கப் பொத்தாமத் தோண்டுறதுக்கு இந்த வகுப்புல ஒன்ன விட்டா ஆளு கெடையாதுன்னு.

இது பாராட்டா மேடம்? நீங்களே சொல்லுங்க. ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா திட்டுனா எனக்கு ஒண்ணும் ஆகாது. இப்படி மெதுவா, நல்லவன் கணக்கா பேசுறவங்களக் கண்டாத்தான் கை அரிக்கும்.

இருங்க. குறி தெரியுது. நீங்க எறங்க வேண்டாம், அஞ்சு நிமிசம்.

பாத்தீங்களா? கண்ணாடியில பாத்திருப்பீங்களே. கொம்ப அறுத்துட்டுப் போயிட்டானுங்க. எட்டுக் கிளைக் கொம்பா இருந்திருக்கும். வண்டிய நிறுத்தி, எறங்கி, ரம்பத்த வச்சுத் தலையில பாதிய அறுத்துக்கிட்டு, மிச்சத்த ரோட்டுல தள்ளிட்டுப் போயிருக்கான். வீட்டுக்குப் போயி சுவத்துல மாட்டி வச்சு, நானே சுட்டேன்னு சொல்லுவான். இது செத்தே நாலு நாளு இருக்கும். தொட்டாத் தோலு தனியா வருது. சங்கிலி மோட்டார் இல்லேன்னா நூத்தி எழுபது பவுண்ட நானும் அம்மாவும் சேந்துதான் தூக்கணும். மோட்டார் இருக்கிறதால இப்ப தனித்தனியாப் போறோம். அது வடக்க, நான் தெக்க. ஆறு வாரமா இப்படித்தான். முன்னாடி ஒரே வண்டிதான்.

என்ன கேட்டீங்க? ஆமா, தோண்டுனேன். குடுத்த வேலைய அரைகுறையா விடுற பழக்கம் எனக்கு இல்ல. மூணு வாரம் சாயங்காலம் சாயங்காலம் கவுன்ட்டி லைப்ரரிக்குப் போனேன். அங்க இருக்கிற அம்மா, நான் உக்காருறதுக்கு முன்னாடி நாற்காலி மேல ஒரு பழைய பேப்பர விரிச்சு வைப்பாங்க. ரொம்ப மரியாதையா. சிரிச்சுக்கிட்டே. உக்காரும்மான்னு சொல்லி, பேப்பர ஒரு தடவ தடவி விடுவாங்க. குளிச்சிட்டுத்தான் போவேன் மேடம், தலைக்கு ரெண்டு தடவ ஷாம்பூ போட்டு. ஒரு நாளு வேணும்னே அந்தப் பேப்பர எடுத்துப் படிக்க ஆரம்பிச்சேன். அடுத்த நாளு ரெண்டு பேப்பர் இருந்துச்சு, ஒண்ணு படிக்கிறதுக்கு.

அங்க ஒரு தடிச்ச டிக்ஷனரி இருக்கு, முதுகு ஒடிஞ்சது. அதுல உக்காந்து பாத்தேன். எனக்குப் புடிச்சிருந்துச்சு. அதுதான் இருக்கிறதுலயே அசிங்கம். அந்த ஆளு சொன்ன மாதிரியே எனக்குப் புடிச்சிருந்துச்சு.

சொல்லவா? சுருக்கமாச் சொல்றேன். லத்தீன்ல கேரோன்னு ஒரு வார்த்தை. சதைன்னு அர்த்தம். நாத்தமெல்லாம் ஒண்ணும் கெடையாது அதுல, நல்ல சுத்தமான சதை, உங்க கை, என் கை. அப்புறம் தெருவுல பேசுற கொச்ச லத்தீன்ல கரோனியா ஆச்சு. அங்கதான் நாத்தம் ஆரம்பிக்குது. அது பிரெஞ்சுக்காரன் வாய்க்கு வந்ததும் ரெண்டாப் பிரிஞ்சுது. பாரிஸ் பக்கம் ஷரோன்ய்ன்னாங்க, வடக்கு ஜனங்க கரோன்ய்ன்னாங்க. வடக்க இருந்த நார்மன்காரங்கதான் கப்பல் ஏறிப் போயி இங்கிலாந்தப் புடிச்சாங்க. ராஜா, கோர்ட்டு, கோட்டை, சமையல்கட்டுன்னு எல்லாத்துக்கும் பேரத் தூக்கிட்டுப் போனாங்கல்ல, அந்த மூட்டையில இந்த நாத்தத்தையும் சேத்துக் கட்டிட்டுப் போயிட்டாங்க. இங்கிலீஷ்காரன்கிட்ட நாத்தம் இல்லாமலா இருந்துச்சு? இருந்துச்சு. ஆனா மேல் நாட்டு நாத்தம்னா ஒரு மவுசு.

இதுக்குக் கூடப் பொறந்ததுங்க இருக்கு பாருங்க, அதுங்க எல்லாம் பெரிய எடம். கார்னிவல் இதோட பங்காளி. விரதத்துக்கு முன்னாடி இறைச்சிய எடுத்து ஒதுக்கி வைக்கிற கொண்டாட்டம். ஸ்கூல் கேன்டீன்ல வெள்ளிக்கிழமை ஊத்துறானே கறிக்குழம்பு, சில்லி கான் கார்னே, அதுல இருக்கிற கார்னே இதுதான், ஸ்பெயின் வழியா வந்தது. கடவுள் சதை எடுத்து வந்தாருன்னு பாஸ்டர் சொல்லுவாரே இன்கார்னேஷன், அதுவும் இதே வயித்துல பொறந்தது. ஒரே தாய் பிள்ளைங்க. ஒண்ணு சர்ச்சுக்குப் போச்சு, ஒண்ணு திருவிழாவுக்குப் போச்சு, ஒண்ணு ரோட்டோரத்துல கெடக்கு. கார்னேஷன் பூவும் இதுல சேத்தின்னு சில புத்தகம் சொல்லுது, சில புத்தகம் இல்லைங்குது. யாருக்கும் நிச்சயமாத் தெரியாதுன்னு எழுதி வச்சேன். அதுக்குப் பக்கத்துல சார் பச்சைப் பேனாவுல, இதுதான் படிப்புன்னு எழுதியிருந்தாரு. தாள் மூலையில ஈர வட்டம்.

ம்? ஆமா, அவரு ரெண்டு தடவ படிச்சுப் பாத்தாரு. வரைவுன்னு ஒண்ணு குடுத்தோம், அவரு திருத்திக் குடுத்தாரு, அப்புறம் மேடை. எல்லாருக்கும் அப்படித்தான்.

அந்தக் கடைசி விஷயத்துக்கு வர்றேன். வராம எங்க போகப்போறேன், வண்டியே முப்பது மைல்லதான் போகுது.

அந்த வடக்கு பிரெஞ்சுக்காரங்க கரோன்ய்ங்கிறத பிணத்துக்கு மட்டும் சொல்லல. பொம்பளைங்களத் திட்டுறதுக்கும் சொன்னாங்க. வயசாயிடுச்சு, வாயி நீளம், பாக்க நல்லால்ல, அப்படின்னா, போடி பிணமேன்னு. கெழட்டு ஆட்டையும் அப்படித்தான் சொன்னாங்களாம். அதுதான் தேஞ்சு தேஞ்சு இங்கிலீஷ்ல க்ரோன்னு ஆச்சு. நாத்தம் புடிச்ச கெழவி. எல்லாக் குட்டிப் பிள்ளைங்க கதையிலயும் சூனியக்காரிக்குச் சொல்லுவாங்களே, அந்த க்ரோன். ஆயிரம் வருஷம் முன்னாடி எவனோ ஒருத்தன் ஒரு பொம்பளையப் பாத்து மூக்கப் பொத்தியிருக்கான், அந்த வார்த்தை இன்னும் சாகல. மானு செத்தா ரெண்டு மாசத்துல எலும்புகூட இருக்காது. இது அழுகாது. த்தூ.

சாரி. வண்டிக்குள்ளயே துப்பிட்டேன். தொடச்சிடுறேன்.

விழா அன்னிக்கு சாயங்காலம் ஆறு மணி. ஸ்கூல் ஜிம் ஹால்ல நாற்காலி போட்டிருந்தாங்க. அம்மா வேலையிலேர்ந்து நேரா வந்துச்சு. வீட்டுக்குப் போயி மாத்திக்கிட்டு வான்னு நான் சொல்லியிருந்தேன். முப்பத்திரெண்டாம் மைல்கிட்ட ஒரு கரடி அடிபட்டுடுச்சு, நேரமாயிடுச்சு. மொதல் பேச்ச விட்டாலும் என் பேச்ச விடக்கூடாதுன்னு அப்படியே வந்துடுச்சு. ஆரஞ்சு சட்டை, ரப்பர் பூட்ஸ். முன் வரிசையில போயி நடுவுல உக்காந்துச்சு. அதுக்கு ரெண்டு பக்கமும் உக்காந்திருந்தவங்க, காப்பி எடுக்கப் போற மாதிரி எழுந்தாங்க. திரும்பி வரல. அம்மாவுக்கு எடப்பக்கம் மூணு நாற்காலி காலி, வலப்பக்கம் ரெண்டு. அம்மாவுக்கு அது பழக்கம். பைய ஒரு நாற்காலி மேல வச்சிக்கிச்சு, யாருக்கோ எடம் புடிச்சு வச்ச மாதிரி. வயசு நாப்பத்தாறுதான் மேடம். பாத்தா அறுபதுன்னு சொல்லுவீங்க. வெயிலு, பனி, எல்லாம் மூஞ்சியிலதான்.

நான் அந்த க்ரோன் விஷயத்தச் சொன்னேன். சொல்லிட்டு, இந்தக் குடும்பத்தோட கடைசிப் பிள்ளை இன்னிக்கு நேர்லயே வந்திருக்கு, முன் வரிசையில, ஆரஞ்சு சட்டைன்னு கைய நீட்டுனேன்.

சிரிச்சாங்க. ஜிம்மே அதிந்துச்சு. அப்படி ஒரு சிரிப்ப அந்த ஸ்கூல்ல நான் கேட்டதே இல்ல.

அம்மாவுக்கு மொதல்ல புரியல. பின்னாடி திரும்பிப் பாத்துச்சு, யாரச் சொல்றாங்கன்னு. அப்புறம் புரிஞ்சுது. புரிஞ்சதும் அதுவும் சிரிச்சுச்சு. சிரிச்சிக்கிட்டே கையத் தூக்குச்சு. வகுப்புல பேரு கூப்பிட்டா, உள்ளேன்னு தூக்குவோம்ல, அந்த மாதிரி.

ஒண்ணுமில்ல. தூசி. இந்த ஹீட்டர்லேர்ந்து வருது.

அன்னிக்கு வீட்டுக்குப் போற வழியில அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு. யாரு எழுதிக் குடுத்தா அதன்னு. நான் சார்னேன். ஒத்தை வார்த்தை. அம்மா ஸ்டீயரிங்க இறுக்கிப் புடிச்சிருந்துச்சு, அந்தக் கை அப்படியே தளந்துச்சு. எனக்குத் தெரியும், நீயா சொல்ல மாட்டன்னுச்சு. காலையில சர்ச்சுக்குப் போடுற கோட்டப் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போயி புகார் குடுத்துச்சு. அம்மா ஒரு ஆபீஸ்ல போயி கொரல ஒசத்திப் பேசினதே கெடையாது மேடம். லைசென்ஸ் புதுப்பிக்கிற எடத்துல மூணு மணி நேரம் நிக்க வச்சாலும் நன்றின்னு சொல்லிட்டு வரும். அன்னிக்கு அது போட்ட சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டுச்சுன்னாங்க. என்ன வேணா சொல்லுங்க, என் பொண்ணு வாயில அத வைக்க ஒங்களுக்கு என்ன உரிமைன்னு.

அப்புறம் ஊருக்கு நல்லபுத்தி வந்துடுச்சு. அதச் சொன்னாத்தான் எனக்கு நெஜமாவே வாந்தி வரும். சிரிச்ச அதே வாயிங்க. சார வேலைய விட்டுத் தூக்கணும்னு அறுபத்தியோரு பேரு கையெழுத்துப் போட்ட மனு இருக்குல்ல ஒங்க பைக்குள்ள? அதுல அந்தக் காலி நாற்காலிக்காரங்க அஞ்சு பேரும் இருக்காங்க, நான் எண்ணிப் பாத்தேன். ஒருத்தங்க நூடுல்ஸும் சீஸும் போட்டு சுட்டு எடுத்துக்கிட்டு வீட்டுக்கே வந்தாங்க. வாசலுக்கு உள்ள வரல, படியில வச்சிட்டு, ஜோலீன், ஒனக்காக நாங்க இருக்கோம்னாங்க. கைக்குட்டைய மூக்குல வச்சிக்கிட்டு. அம்மா அந்தப் பாத்திரத்தக் கழுவி, தொடச்சு, திருப்பிக் கொண்டுபோயி குடுத்துச்சு. ரொம்ப சந்தோசம் அதுக்கு. இத்தன வருஷத்துல யாரும் எங்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டாந்ததில்ல.

படிப்ப ஏன் விட்டேன்னா கேக்குறீங்க? அதுக்கும் இதுக்கும் என்ன? சரி, சொல்றேன். மறுநாள் லாக்கர்கிட்ட பிரெஸ்டன் வந்தான். கைய ஒசத்தி, கலக்கிட்ட டூஃபெக்னான். என் உள்ளங்கையில ஓங்கி ஒரு தட்டு தட்டினான். மூணு வருஷத்துல மொதல் தடவையா என்னைத் தொட்டான். கேரியன்னும் கூப்பிடல. நான் கழிவறைக்குப் போயி கைய சோப்புப் போட்டுக் கழுவினேன். போகல. அப்படியே பின்வாசல் வழியா வந்துட்டேன்.

அந்த ஆளு ஒங்ககிட்ட என்ன சொன்னாரு? இல்ல, நெஜமாக் கேக்குறேன். ஆறு வாரமா வீட்டுல உக்காந்திருக்காரு. தன் பக்கத்து நியாயம் எதுவும் சொல்லியிருப்பாருல்ல? ஒண்ணுமே சொல்லலையா? மாணவியக் கேளுங்கன்னு மட்டும்தானா?

பாத்தீங்களா. இதத்தான் சொன்னேன். இதுதான் அந்த ஆளு. சே.

ஒரு நிமிசம், போன். அம்மா. சொல்லும்மா. எங்க? வளைவு தாண்டியா? எவ்வளவு பெருசு? சரி, நீயாத் தூக்காத, இடுப்பு போயிடும். பக்கத்துலதான் வந்துக்கிட்டிருக்கேன். ம். இல்ல, தனியா இல்ல. அந்த போர்டு மேடம் கூட இருக்காங்க. ஆமா, இங்கதான், வண்டியில. சும்மாதான் பேசிக்கிட்டு. நல்லாத்தான் பேசுறாங்க. சரிம்மா. வைக்கிறேன்.

ஒங்களுக்குக் காப்பி வேணுமான்னு கேக்குது. பிளாஸ்க்ல இருக்காம். என்கிட்ட, எதுன்னாலும் பயப்படாமச் சொல்லு, நான் இருக்கேன்னுது.

பெரிய ஆண் மான். ஓடைப் பள்ளத்துல விழுந்து கெடக்காம், சங்கிலி எட்டல. ரெண்டு பேரு வேணும். நாலு மைல்தான்.

மேடம், ஒங்க முன்னாடி இருக்கிற டப்பாவத் தொறங்க. கிளவுஸ எடுத்துக் கீழ போடுங்க, சுத்தமானதுதான். அடியில தாள் இருக்கும், நாலா மடிச்சது. என் வரைவு. கடைசிப் பக்கத்தப் பாருங்க.

பச்சையில ஒரு கோடு குறுக்க போகுதுல்ல? அந்த க்ரோன் பகுதி முழுசுக்கும். அது என் கோடு இல்ல. அவரு கோடு. ஓரத்துல என்ன எழுதியிருக்கு, படிங்க. வேணாம், எனக்கே தெரியும். மாரென், இது சரியான தகவல்தான், நல்லாத் தேடியிருக்க, ஆனா மேடையில வேண்டாம், ஒங்க அம்மா வருவாங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் எழுதல. நேர்லயும் ஒரு தடவ சொன்னாரு. நானும் சரின்னுட்டுத்தான் மேடைக்குப் போனேன்.

சொல்லணும்னு போகல. பிரெஸ்டன் பல்லு பல்லுன்னு என்னமோ ஒளறினான், சிரிச்சாங்க. பாஸ்டர் பொண்ணு ஆட்டுக்குட்டிக்கு ஆஹான்னாங்க. நான் கேரோன்னேன், கரோனியான்னேன், நார்மன்காரன் கப்பல் ஏறினான்னேன். ஒரு சத்தம் இல்ல. யாரோ இருமினாங்க. மூணு வாரம் மேடம். அம்மா மட்டும் வாயப் பொளந்துக்கிட்டுக் கேக்குது, ஒவ்வொரு வார்த்தைக்கும் தலைய ஆட்டிக்கிட்டு, ரெண்டு பக்கமும் அந்தக் காலி நாற்காலி. அந்த நாற்காலிங்களையே பாத்துக்கிட்டிருந்தேன். எனக்கு அந்த நாற்காலிக்காரங்க மேலதான் கோவம் வந்திருக்கணும். அம்மா மேல வந்துச்சு. ஏன் இப்படி வந்த, ஏன் அந்த பூட்ஸு, ஏன் நடுவுல போயி உக்காந்தன்னு. அப்புறம் வாயி தானா தொறந்துச்சு. இல்ல, தானாவும் தொறக்கல. நான்தான் தொறந்தேன்.

சிரிச்சப்போ நல்லா இருந்துச்சு. அத எழுதிக்குங்க. ஒரு அஞ்சு செகண்டு ரொம்ப நல்லா இருந்துச்சு.

அந்தா, அம்மா வண்டி. லைட்டு போட்டிருக்கு பாருங்க.

மெஷின நிறுத்த வேண்டாம், ஓடட்டும். நான் சொன்னது சொன்னதுதான், மாத்த மாட்டேன். அந்தத் தாள மட்டும் என்கிட்ட குடுங்க. ஒங்க போர்டுக்குப் போறதுக்கு முன்னாடி அம்மா படிக்கணும். மான ஏத்துனதுக்கு அப்புறம் குடுக்குறேன். மொதல்லயே குடுத்தா என்னைக் கூப்பிடாம அது ஒத்த ஆளா எறங்கிடும் பள்ளத்துல, அதுக்குத் தெம்பு பத்தாது.

நீங்க வண்டியிலயே உக்காருங்க. கதவச் சாத்திக்குங்க. அம்மா அதப் படிச்சிட்டு மொதல்ல சிரிக்கும். பரவால்ல விடு, வெளையாட்டுக்குத்தானன்னு சொல்லும், ஒங்களப் பாத்துக் கையக்கூட ஆட்டும். தயவுசெஞ்சு பதிலுக்குச் சிரிச்சிடாதீங்க மேடம்.